இப்பொழுது என்ன படிக்கிறீர்கள்?

காவிரிப் பாசனத்தில் வாழ்கின்றவர்கள் வழியில் சந்தித்துக்கொண்டால், முதலில் கேட்கும் கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஸலாம் சொல்லிக் கைகொடுத்த பின், ‘மேட்டூர் திறந்தாயிற்றா? வாய்க்காலில் தண்ணீர் வந்ததா? நடவுக்கு ஆள் கிடைத்ததா?’ என்று தொடங்கி, பிள்ளைகளின் வேலை, பெண்களின் திருமணம், அயல்நாட்டிலிருக்கும் மருமகனின் விடுமுறை என்று அவை வளரும். ‘இப்பொழுது என்ன படிக்கிறீர்கள்?’ என்னும் கேள்வி மட்டும் அந்த ஒழுங்கில் இடம் பெறுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்து அப்படிக் கேட்பதுண்டு. அங்கும் ‘எந்த வகுப்பு?’ என்பதே அதன் பொருள்.

நம் இல்லங்களில் ஓதுவது வேறு, படிப்பது வேறு. திருமறையை ஓதுகிறோம், அது நாள்தோறும் நிகழ வேண்டியது, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. படிப்பது என்பது ஒருவர் தம் ஓய்வில், தம் விருப்பத்தால், ஒரு நூலோடு இருப்பது. அதைப் பற்றித்தான் நாம் ஒருவரையொருவர் கேட்பதில்லை. ‘உங்களுக்குப் பிடித்த நூல் எது?’ என்று கேட்டுவிட்டால், உடனே பெரிய பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். சீறாப்புராணம் வரும், திருக்குறள் வரும், மஸ்தான் சாகிபு பாடல் வரும். ‘அவற்றில் இந்த மாதம் எதைப் படித்தீர்கள்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். மதிக்கப்படும் நூல்களின் பட்டியலும் படிக்கப்படும் நூல்களின் பட்டியலும் இவ்வளவு தூரம் விலகிப் போனது எப்படி என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில், ‘என்ன படித்தீர்?’ என்னும் ஒரு கேள்வியால் தமிழிலக்கியத்தின் போக்கே மாறிய நிகழ்ச்சி, இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கும்பகோணத்தில்தான் நடந்தது.

இங்கு என்று நான் குறிப்பது திருப்பனந்தாளை. கும்பகோணத்திலிருந்து சோழபுரம் வழியாக அணைக்கரைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் இது. பெயரிலேயே பனையைக் கொண்டது. கோயிலின் தலமரமும் பனையே. தமிழ் நூல்கள் யாவும் பனையோலையில் வாழ்ந்த காலத்தை எண்ணினால், புத்தகத்தைப் பற்றி எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. அதற்கேற்ப, பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் காசியில் நிறுவிய மடத்தின் தலைமையிடமாகிய காசித் திருமடமும் இங்கேதான் இருக்கிறது. திருக்குறளுக்கு எழுந்த பல உரைகளையும் ஒருங்கு தொகுத்து, ‘உரைக்கொத்து’ என்னும் பெயரால் வெளியிட்ட மடம் அது.

என் மேசையில் இப்பொழுது நான்கு நூல்கள் உள்ளன. நான்கும் புதியவை அல்ல. புதியவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கின்றனர்.

முதலாவது, டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கி, 1942-இல் அவர் மறைந்ததோடு பாதியில் நின்றுபோன நூல். தன் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தம்மை நடுவில் நிறுத்திப் பிறரைச் சுற்றிலும் அமர்த்துவார்கள். ஐயரோ தம் ஆசிரியர்களையும் ஏடு தந்தவர்களையும் சோறு போட்டவர்களையும் நடுவில் வைத்துவிட்டுத் தாம் ஓரத்தில் நிற்கிறார். பெயர் என்னவோ ‘என் சரித்திரம்’. உள்ளே இருப்பதெல்லாம் பிறருடைய சரித்திரம். சில இடங்களில் பெயர்களின் நெரிசல் வாசகரைக் களைப்படையச் செய்வது உண்மையே. பாடம் கேட்ட நூல்களின் வரிசைகளை அவர் விடாமல் எழுதும்போது, இதைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த நீண்ட வரிசைகள் எதற்காக என்பது 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் வியாழக்கிழமைக்கு வந்து சேரும்போது விளங்குகிறது.

அன்று அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவுகிறார். ஐயர் உற்சாகமாகச் சொல்லத் தொடங்குகிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் என்று பட்டியல் நீள்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் அல்லவா? கேட்பவர் முகத்தில் வியப்பில்லை. இவற்றால் என்ன பயன் என்பது போலக் கேட்டுவிட்டு, சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் படித்ததுண்டா என்று அவர் அடுத்து விசாரிக்கிறார். ஐயர் படித்ததில்லை, தாம் மட்டுமன்று, தம் ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை. பிறகு முதலியார் கொடுத்த சீவக சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியோடு அவருடைய வாழ்வு வேறு திசையில் திரும்புகிறது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது; சங்க நூல்கள் பின்தொடர்ந்தன.

இந்நிகழ்ச்சியை மேடைதோறும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கதைதான். ஆனால் இதற்கு அடுத்து வரும் பகுதியை யாரும் சொல்வதில்லை. நம்மைப் போன்ற ஒரு சமுதாயத்தார் ஊன்றிப் படிக்க வேண்டியது அந்தப் பகுதியே.

ஐயர் சிந்தாமணியோடு போராடுகிறார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் பிடிபடவில்லை. அது சமண காவியம். சமண சமயக் கொள்கைகளும் வழக்குகளும் தெரியாமல் அதனுள் நுழைய முடியாது. அப்போது, கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்பதை அறிந்து, சந்திரநாத செட்டியார் என்னும் அன்பரின் துணையோடு அவர்கள் இல்லத்துக்குச் செல்கிறார். வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்கிறார். அவ்வீட்டில் சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து வந்தார்களாம், அன்று அது நிறைவெய்தியதாம், அதற்கான கொண்டாட்டமாம்! தமிழ்ப் புலவர் உலகம் மறந்துபோன நூல், ஆசிரியர்கள் பாடம் சொல்லாத நூல், கல்லூரித் தமிழாசிரியருக்கே விளங்காத நூல், அவ்வூரிலேயே ஒரு தெருவில், ஒரு வீட்டில், குடும்பத்தாரின் நாவில் உயிரோடு இருந்திருக்கிறது. அவர்கள் பேராசிரியர்கள் அல்லர். அவர்கள் வாயிலாகவே ஐயரின் ஐயங்கள் நீங்கின.

ஒரு நூலைக் காப்பாற்றுவது எது என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை. ஏடு மட்டும் காப்பாற்றாது. ஏடு பரணில் கிடந்து செல்லரித்துப் போகும். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமுதாயம், பிறர் கவனிக்கிறார்களா இல்லையா என்று பாராமல், தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டார். கேட்கும்போது சொல்வதற்கு அவர்களிடம் விடை இருந்தது. இன்று ஒருவர் நம் வாசலில் வந்து நின்று, ‘உங்கள் சீறாவில் இந்த இடம் விளங்கவில்லை’ என்று கேட்டால் சொல்லக்கூடிய வீடுகள் எத்தனை?

ஆகவேதான் இரண்டாவது நூல் சீறாப்புராணம். உமறுப் புலவர் இயற்றியது, விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள். ஷைகு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் முயன்று 1842-இலேயே அச்சேற்றிவிட்டார்கள். ஐயரின் சிந்தாமணிப் பதிப்புக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்னதாக என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சில் நாம் பிந்தியவர்கள் அல்லர். 1973-இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது முதல், இந்நூலைப் பற்றிய ஆய்வுரைகளுக்கும் குறைவில்லை. உரைப் பதிப்புகளும் வந்துள்ளன. மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தின் வழியாகக் கைப்பேசியிலேயே மூலம் கிடைக்கிறது. எனவே, நூல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சீறாவைப் புகழ்வோர் பெரும்பாலும் சீதக்காதி வள்ளலையும் அபுல் காசிம் மரைக்காயரையும் புகழ்ந்துவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். புரவலர்களைப் போற்ற வேண்டியதுதான். ஆனால், விருந்து வைத்தவரைப் பாராட்டிவிட்டு உணவைத் தொடாமல் எழுந்து போவது எந்த ஊர் மரியாதை?

படித்துப் பார்த்தால், தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கு முதற்காண்டத்திலேயே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. நாட்டுப் படலத்தில் அரபு நாடு வருணிக்கப்படுகிறது. மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயலில் உழவு நடக்கிறது, நாற்று நடுகிறார்கள், நெல் விளைகிறது! அரேபியப் பாலையில் இது எப்படி என்று நகைத்த திறனாய்வாளர்கள் உண்டு. காப்பிய மரபுப்படி நாட்டுவளம் பாடியாக வேண்டும், ஆகவே பாடினார் என்று அமைதி கூறியவர்களும் உண்டு. இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. எட்டயபுரத்துக் கரிசல் மண்ணில் வாழ்ந்த உமறு, தம் கண்முன் இருந்த வறண்ட நிலத்தைப் பாடியிருந்தாலே அரபு நாட்டுக்குச் சற்று நெருங்கி வந்திருப்பார். அவர் அதைச் செய்யவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண் என்றவுடன், தமிழன் மனத்தில் மிக உயர்ந்த நிலம் எதுவோ அதை எடுத்து அங்கே வைத்தார். அது மருதம். ஒரு தமிழ் உழவன், இறைத்தூதரின் நாட்டைத் தன் நாடாகவே கண்டு அன்பு செலுத்துவதற்கு அவர் போட்ட பாலம் அது. நிலநூல் ஆசிரியர் இதைப் பிழை என்பார். வயலோரத்தில் இருந்து படிக்கிறவருக்கு அப்படித் தோன்றாது. இன்னொரு செய்தியும் உண்டு. சிந்தாமணியின் முதல் இலம்பகத்து ஏமாங்கத நாட்டு வருணனையையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தால், உமறு எந்தப் பள்ளியில் பயின்றவர் என்பது புலப்படும். சமணப் புலவரின் வயலில் விளைந்த விதை முஸ்லிம் புலவரின் வயலிலும் விழுந்திருக்கிறது.

குறையே இல்லாத நூல் என்று நான் சொல்ல வரவில்லை. போர்க்களப் பாடல்களில் மரபான வருணனைகள் திரும்பத் திரும்ப வந்து அயர்வூட்டுகின்றன. அரபுச் சொற்கள் தமிழ் யாப்பினுள் அமரும்போது, சில இடங்களில் உரையாசிரியரின் கை பிடிக்காமல் நடக்க இயலாது. இப்படிப்பட்ட இடங்களைத் தாண்டிச் செல்ல வாசகருக்கு உரிமை உண்டு. காப்பியம் என்றால் முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை ஒரே மூச்சில் படித்தாக வேண்டும் என்று எண்ணியே பலர் தொடங்காமல் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் இஷாவுக்குப் பின் நாளுக்குப் பத்துப் பாடல் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் உரையைப் படிப்பார். இக்கணக்கில் முழுவதும் முடிய ஓராண்டும் ஐந்து மாதமும் ஆகும். அதனால் என்ன?

மானுக்குப் பிணை நின்ற படலத்தை அப்படித்தான் படித்தோம். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாகச் சொல்கிறது. அண்ணலார் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மான் சென்றுவிட்டது. அந்த இடத்தில் பத்துப் பாடல் நிறைந்து, அன்றைய படிப்பு முடிந்துபோயிற்று. ‘மான் திரும்பி வருமா?’ என்று ஒன்பது வயதுப் பெயர்த்தி மறுநாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. மறுநாள் இரவு, கன்றோடு அது திரும்பி வந்தபோது கூடத்தில் இருந்தவர்களின் முகங்களைப் பார்க்க வேண்டுமே! வேடனின் உள்ளம் மாறுவதை உமறு இரைந்து சொல்வதில்லை. மானின் வாய்மையை அவன் கண்ணெதிரே நிறுத்துகிறார். அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார். தனியே அமர்ந்து படித்தபோது நான் இதை இவ்வளவு உணர்ந்ததில்லை. கூடிப் படிப்பதற்காகவே எழுந்த நூல்கள் உண்டு. அவற்றைத் தனிமையில் படிப்பவர் பாதியைத்தான் பெறுகிறார்.

மூன்றாவது நூல், நாகூர் சித்தி ஜுனைதா பேகம் எழுதிய ‘காதலா? கடமையா?’ என்னும் நாவல். 1938-இல் வெளிவந்தது. ஆசிரியை 1917-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது மூன்றாம் வகுப்பு வரை. அந்நாளில் முஸ்லிம் பெண் ஒருவர் தம் பெயரை அட்டையில் இட்டு நாவல் வெளியிடுவது எளிய செயலன்று. இந்நாவலுக்கு முன்னுரை வழங்கியவர், அப்போது எண்பத்து மூன்று வயதை எட்டியிருந்த உ. வே. சாமிநாதையர்.

இங்கேயும் சீறாவுக்கு நேர்ந்த கதைதான். நாவலைப் பற்றிப் பேசுவோர் யாவரும் ஐயரின் முன்னுரையைப் பற்றிப் பேசுகிறார்கள். அல்லது 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ திரைப்படத்தின் கதையோடு இதற்குள்ள ஒற்றுமையைப் பேசுகிறார்கள். நாவலைப் பேசுவோர் அரியர். எனக்கு அந்தத் தலைப்பே போதும், நெடுநேரம் சிந்திக்க. காதல், கடமை என்னும் இரு சொற்களுக்கும் பின்னால் இரண்டு வினாக்குறிகள். கடமையே பெரிது என்று விடை கூறும் நீதி நூல்கள் மலிந்திருந்த காலத்தில், வீட்டுக்குள் இருந்த ஓர் இளம்பெண் அதை வினாவாகவே வெளியிட்டார் என்பது சிறு செயலா? சமுதாயத்தின் பெண்களுக்கு விடைகளையே வழங்கிப் பழகியவர்கள் இந்நூலை விரும்பாததில் வியப்பில்லை. இன்று ஸல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யைப் பற்றி வாதிடுகிறவர்கள், அதற்கு அறுபத்தாறு ஆண்டுகள் முன்பே நாகூரில் ஒரு கதவு திறந்திருந்ததை அறிந்திருந்தால் வாதம் வேறு விதமாக நடந்திருக்கும்.

ஐயரின் பெயர் இங்கே வருவதையும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்களுள் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவர். கிறிஸ்தவராகிய சவரிராயலு நாயகரும் ஒருவர். சைவ மடத்தின் நிழலில் வளர்ந்த கல்வி, நாகூருக்கும் சென்றது. 1880-இல் ‘என்ன படித்தீர்?’ என்று கேட்கப்பட்ட இளைஞர், 1938-இல் அயல் சமுதாயத்து இளம்பெண்ணின் நாவலை ஏற்றுப் படித்தார். அதற்கு மறு ஆண்டு, 1939-இல், திருப்பனந்தாள் காசி மடத்தின் ஆதரவில் அவர் வெளியிட்டது குமரகுருபர சுவாமிகள் பிரபந்தத் திரட்டு.

மேசையில் உள்ள நான்காவது நூல் அத்திரட்டில் அடங்கிய ‘நீதிநெறி விளக்கம்’. 102 வெண்பாக்கள். குமரகுருபரர் வடநாடு சென்று, இந்துஸ்தானி மொழியில் வல்லமை பெற்று, முகலாய அவையில் பேசி, காசியில் மடத்துக்கு இடம் பெற்றார் என்பது மடத்து வரலாறு. சிங்கத்தின் மீதேறிச் சென்றார் என்னும் பகுதியை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு வியப்பளிப்பது மொழி கற்ற செய்தி. கேட்பவரின் மொழியைக் கற்றுக்கொண்டு, அதில் தம் நூல்களைப் பற்றிப் பேசப் போன தமிழ்ப் புலவர் எத்தனை பேர்? அதே நூற்றாண்டில், ஷாஜஹானின் மகன் தாரா ஷிகோ காசிப் பண்டிதர்களைத் துணைக்கொண்டு உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து 1657-இல் நிறைவு செய்தார். அந்தப் பாரசீகப் பெயர்ப்பிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஒருவர் இலத்தீனில் ஆக்க, அதைப் படித்துத்தான் செருமானிய மெய்யியலாளர் சோபனவர் உருகினார். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

வெண்பாக்களைப் பொறுத்தவரை, இவை ஒரே நாளில் படித்து முடிக்கத் தக்கவை அல்ல. அறிவுரை அடுக்கடுக்காக வந்தால் அறிவுரையாகவே நின்றுவிடும். கல்வி, செல்வம், அரசு பற்றிய பாடல்களில் குமரகுருபரரின் உவமைத் திறன் மின்னுகிறது. பெண்களைப் பற்றிய சில பாடல்களை இன்றைய வாசகர் ஏற்பது கடினம். ஜுனைதா பேகத்தின் நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் படிப்பதில் ஒரு தனிச்சுவை இருக்கிறது.

முஸ்லிம் இல்லத்தில் இந்நூலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நாகூரே விடை சொல்லும். அவ்வூரில் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயீல் அவர்கள் கம்பனைக் கற்றார், சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவினார், வாலி வதையைப் பற்றி நீதிபதிக்குரிய கண்ணோடு ‘மூன்று வினாக்கள்’ எழுதினார். அதனால் அவருடைய ஈமானில் ஒரு குன்றிமணியும் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. அவர் கம்பனைப் படித்ததைப் போல, சீறாவைப் படித்துவிட்டு நம்மிடம் வந்து வினாக்களை எழுப்பும் அயல் சமுதாயத்து அறிஞர்கள் மிகச் சிலரே. அதில் அவர்கள் குறை பாதி; அவர்களிடம் எடுத்துச் சென்று கொடுக்காத நம் குறை பாதி.

சென்ற வாரம் பக்கத்துத் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கந்தபுராணத்தில் சூரபன்மன் போரை மறுபடியும் படிப்பதாகச் சொன்னார், என்னையும் கேட்டார். மானின் கதையைச் சொன்னேன். நுபுவ்வத்துக் காண்டத்தின் உரைப் பதிப்பை எடுத்துப் போயிருக்கிறார். அதனால் எங்கள் வீட்டுப் படிப்பு இரண்டு நாளாக உரையில்லாமல், மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடக்கிறது. ஈத்தங்குலை வரவழைத்த படலத்தைத் தொடங்கியிருக்கிறோம். மூன்றாவது பாடலில் ஒரு சொல் இன்னும் பிடிபடவில்லை.